தினமும் மாறிய எண்

எங்கள் வீட்டு வைஃபையில் இணைந்த கருவிகளின் பட்டியலில் தினமும் புதிதாக ஒரு கருவியின் எண் தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள் ரகசியமாகப் போன் வைத்திருக்கிறாளோ என்று பயந்தேன்.

“ஏட்டி, யாருக்க போனு அது?”

“எனக்க பழைய லேப்டாப்பு மட்டும்தாம்மா.”

நம்பாமல் அவள் பையைக் கட்டிலில் கொட்டித் தேடினேன். போன் எதுவும் இல்லை.

மறுநாள் அந்த லேப்டாப்பை வடசேரியில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சொன்னார்: “அக்கா, நெட்வொர்க் கார்டுக்க நம்பர் அதுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். டிரைவர்னு ஒரு புரோகிராம் அத வாசிச்சுச் சொல்லும். இதுல பதிஞ்சது அழிஞ்சு போச்சு. அதான் ஆன் பண்ணும்போதெல்லாம் டிரைவரே புதுசா ஒரு நம்பர் உண்டாக்குது.”

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். “போட்டும்மா” என்று சிரித்தாள். ஆனால் இன்றும் நான் அவள் அறைக்குள் போனால், கேட்காமலே பையின் ஜிப்பைத் திறந்து வைக்கிறாள்.