போனை எடுத்துவிடுகிற மனிதர்

இலவசமாக வேலை செய்து தருகிறவருக்கு நீங்கள் என்றைக்காவது காசு கொடுத்திருக்கிறீர்களா?

ஜூஜுவாடியில் எங்கள் கம்பெனி மெஷின்களுக்கு நான் எழுதும் புரோகிராம் எல்லாமே ஒரு அண்ணன் தனியாளாக உருவாக்கிய சாஃப்ட்வேர் டூலை வைத்துத்தான். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். வருடச் சந்தா கட்டினால் சிக்கல் வரும்போது சரிசெய்து தருவதாக அறிவித்திருந்தார். யாருமே கட்டவில்லை. ஏனென்றால் கட்டாதவர்களுக்கும் பத்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவார். ஒல்லியான ஆள், முழங்கையில் ஹெல்மெட், பைக் டேங்க் மேல் லேப்டாப்.

டீக்கடையில் பார்த்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"இந்த மாசம் ஒரு கம்பெனியாவது சேரலைன்னா டூலை மூடிட்டு வேலைக்குப் போகணும்டா. வீட்ல சொல்லிட்டாங்க."

"ஒரு வாரம் போனை எடுக்காதீங்கண்ணா. தன்னால சந்தா கட்டுவானுங்க."

தலையாட்டினார். உடனே போன் அடித்தது. பாகலூர் கம்பெனி ஒன்றில் மெஷின் லைன் நின்றுவிட்டதாம். இரண்டு முறை அடிக்க விட்டார். மூன்றாவது முறை, "பாவம்டா, ஷிப்ட்ல இருக்கற பசங்களத்தான் திட்டுவாங்க" என்றபடி எடுத்து, "ஹேளி சார்" என்று கன்னடத்தில் விவரம் கேட்க ஆரம்பித்தார்.

எனக்குக் கடுப்பாகிவிட்டது. மறுநாள் எங்கள் மேனேஜரிடம் சந்தா கட்டச் சொல்லிக் கேட்டேன்.

"நாம கூப்ட்டா அந்தாளு செய்யாமயா போயிடப் போறாரு?" என்று சிரித்தார்.

அந்த மாதம் முடிந்ததும் அண்ணன் டூலை மூடிவிட்டு கிருஷ்ணகிரியில் ஏதோ கம்பெனி வேலையில் சேர்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் லைன் நின்றிருக்கிறது. அவருக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.