அம்மாவின் சிவப்பு மிக்சரில் என்ன இருந்தது?

இன்று காலை, மயிலாப்பூர் டிஸ்பென்சரி கவுண்டரில் நான் சண்டை போட்டேன்!

(ஆமாம், நானேதான். எங்கள் தெருவின் முதல் பி.ஏ. காலேஜில் 'பிரசன்ட்' என்பதையே முணுமுணுத்தவள்.)

அம்மாவின் வயிற்றுப் பிடிப்புக்கு அங்கே ஒரு சிவப்பு மிக்சர் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் வலது கண் சிவந்தது. விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றாள். மண்டையிடி, வாந்தி.

"பித்தம். வாந்தி வந்தா இன்னொரு மார்க் சேத்துக் குடு" என்றார் கம்பவுண்டர்.

புட்டியில் ஒட்டிய காகிதக் கோட்டைப் பார்த்து, அளவு பிசகாமல் நானேதான் ஊற்றிக் கொடுத்தேன்!

கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா மூடிய இமைமேல் விரல் வைத்துப் பார்த்தார். "கண்ணு கல்லு மாதிரி இருக்கு. உள்ளே நீர் அழுத்தம். கிளாக்கோமா."

அங்கேயே படுக்கையில் சேர்த்து, இரண்டு நாள் சொட்டு மருந்து விட்டும் அழுத்தம் இறங்கவில்லை. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்றார்.

அம்மா தலையணைக்கடியிலிருந்து புட்டியை எடுத்தாள்! "வாந்திக்குத்தான் டாக்டர். வயித்து மருந்து கண்ணை இன்னா பண்ணும்?"

"சில வயித்து மருந்து கண்ணுக்குள்ள நீர் போற வழியை அடைச்சிடும். நிறுத்துங்க. ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியணும். இன்னொரு கண் பாக்கி இருக்கே."

புட்டியில் பேரே இல்லை. டிஸ்பென்சரிக்கு டிராம் ஏறினேன்.

"இன்னாம்மா, மிக்சருக்குப் பேரா? நாமகரணம் பண்ணப் போறியா?" என்று சிரித்தார் கம்பவுண்டர்.

"எங்கம்மா கண்ணு போய்க்கினு கீது சார். எழுதிக் குடுங்க."

"அந்த வழக்கம் இங்க இல்ல. நவுரு."

"நவுரமாட்டேன்!"

(கவுண்டர் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.)

பின்னால் வரிசை சலசலத்தது. திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மீன்கூடைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "யோவ், எனுக்கும் அதே செவப்புத் தண்ணிதானே ஊத்துனே? அந்தப் பொண்ணுக்கு எழுதிட்டு எனுக்கும் எழுது!"

"எனுக்கும்!" என்றது இன்னொரு குரல்.

எழுதினார். பெல்லடோனா.

"இதுதான் அழுத்தத்தைக் கிளப்பிவிட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா. வலது கண்ணில் போன பார்வை திரும்புமா, தெரியாது. இடது கண் தப்பியது. இந்த மருந்து இவருக்குக் கூடாது என்று ஒரு சீட்டும் எழுதினார்.

அம்மா அதை முந்தானையில் முடிந்தாள். "இன்னாடி, என் கண்ணைத் தின்னவன் பேரை முடிஞ்சிக்கினு திரியணுமா?"

"ஆமாம்மா. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல அதை நீட்டு."

தோழிகளே, வீடு வீடாகச் சுற்றிவரும் நம் கையெழுத்துப் பத்திரிகையின் இந்தப் பக்க ஓரத்தில் எழுதி அனுப்புங்கள்: உங்கள் வீட்டுப் புட்டியில் என்ன இருக்கிறது?

'தெரியாது' என்று எழுத நேர்ந்தால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய்க் கேளுங்கள்!