டெல்மா பிரித்துக் கொடுத்த இழுவை

எங்கள் சமவெளியில் மலை என்று ஒன்றும் கிடையாது. ஆறு அறுத்த பள்ளம்தான் உண்டு. பனியில் சறுக்க வருகிறவர்கள் மேலே வண்டியை நிறுத்திவிட்டு முதலில் இறங்குவார்கள், பிறகுதான் ஏறுவார்கள். ஏற்றிவிடுவது டெல்மா ஹ்ரிவ்னாக்கின் வேலை. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனி ஞாயிறுகளில் பள்ளத்தின் அடியில் நின்று, ஓடும் கம்பியில் தொங்கும் கட்டையைப் பிடித்துப் பிள்ளைகளின் பின்னால் கொடுத்து மேலே அனுப்புவாள். சம்பளம் கிடையாது. புருஷனைப் புதைத்த குளிர்காலத்திலும் அங்கேதான் நின்றாள். அந்தக் கம்பி இழுவையை யாராவது குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

வசந்தத்தில் சறுக்கு மன்றத் தலைவன் லயல் ஃப்ரீசன் வந்தான். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"டெல்மா, இந்தத் தடவை முழுசா பிரிச்சுப் பழுது பாத்துடு. எது எங்க வரும்னு எழுதி, சக்கரத்துல எல்லாம் அட்டை கட்டி வை."

"என்னப்பா திடீர்னு தாராளம்? ஒரு போல்ட்டு கேட்டா மூக்கால அழுவியே!"

"வயசாச்சுல்ல, புத்தி வந்துடுச்சு," என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கோடை முழுக்க அவள் கையில் கிரீஸ்தான். ஊரே அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு, முட்டை சாண்ட்விச், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு. கடைசியில் என் அருமை தெரிந்துவிட்டது என்று பைத்தியக்காரி உச்சி குளிர்ந்துபோனாள். எங்கள் ஊரில் கேட்காமலே தட்டு வருவது எந்த வீட்டுக்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் தோன்றவில்லை.

அக்டோபரில் பக்கத்து மாகாணத்திலிருந்து பெரிய லாரி வந்தது. டிரைவர் தொப்பியைக் கழற்றினான்.

"பிரமாதமா பிரிச்சு வச்சிருக்கீங்கம்மா. எங்க ஊர்ல இதுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க."

கிரீஸ் கையோடு அவள் காபிக்கடைக்குப் போனாள். வழக்கமான மேசையில் எல்லோரும் இருந்தார்கள்.

"வித்துட்டியா லயல்?"

"ஓட்டெடுத்தோம் டெல்மா. நீ அன்னிக்குப் பிள்ளைங்கள ஹாக்கி போட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தே. பிள்ளைங்களும் குறைஞ்சு போச்சு, பனியும் சரியா விழ மாட்டேங்குது..."

"வித்தது போகட்டும். என் கையாலயே ஏண்டா பிரிக்க வச்சே?"

"உன்னை விட்டா யாரு இருக்கா? வேற எவன் கை வச்சிருந்தாலும் உடைச்சிருப்பான்."

அவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"செத்த வீட்டுக்குக் கொண்டு வர்ற மாதிரி தட்டு தட்டா கொண்டு வந்தீங்களே, செத்தது யாருன்னு ஒருத்தராவது வாயத் திறந்தீங்களா?"

"ராத்திரிக்குப் பனி விழும் போல," என்றார் ஒருவர், கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

விழுந்தது. முதல் பனி விழுந்த மறுநாள் பேருந்தில் ஏறும்போதே, சறுக்கு எப்போது திறக்கும் என்று பிள்ளைகள் அவளைப் பிய்த்துத் தின்பது வழக்கம். என்ன பதில் சொல்வதென்று அவள் தூங்காமல் யோசித்து வைத்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். என்றுமில்லாத மரியாதையோடு காலை வணக்கம் சொன்னார்கள். லயலின் பேத்தி குனிந்த தலை நிமிராமல் பின் இருக்கைக்குப் போனாள்.

ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.