ஓடைக்கரைப் பாட்டைத் திருத்தியவன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கிளெம் ஹாடோவின் குழியில் மண் தள்ளியவன் நான். எனக்கு இது கதையில்லை.

1896, டார்லிங் ஆற்றுப் பக்கம். நானும் கிளெமும் பண்ணை பண்ணையாக நடந்து ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்கள். நான் பாட்டுக் கட்டுவேன். கிளெம் அதைக் கொட்டகைகளில் சொல்லுவான். அவன் வாயைத் திறந்தால் முரட்டு ஆட்கள்கூடக் குவளையைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த வாரம்தான் என் பாட்டு ஒன்று சிட்னி வாரப் பத்திரிகையில் அச்சாகியிருந்தது. கூட்டாளியே குத்திக் கொன்ற ஒரு வழிப்போக்கனின் பாட்டு. முழுக்க என் கற்பனை.

பகல் மூன்று மணி இருக்கும். மேற்கே வானம் செங்கல் நிறமானது. புழுதிப் புயல்! ஓடினோம். வேலிக் காவலர்கள் தங்கும் தகரக் குடிசை ஒன்று தெரிந்தது. உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினோம்.

உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, ரோமக் கத்தரியின் ஒற்றை அலகைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். முனை ஒடிந்த அலகு.

கர்ர்... கர்ர்...

"மன்னிக்கணும் பெரியவரே. காத்து அடங்குனதும் கிளம்பிடுறோம்" என்றான் கிளெம்.

கூரை ஓட்டை வழியாக மணல் அவர் தலையில் கொட்டியது. அவர் தட்டிவிடவில்லை. அடுப்பில் சாம்பல் இல்லை. தண்ணீர்ப் பை இல்லை. அந்த வெயிலில் தண்ணீரில்லாமல் யார் இருப்பார்கள்?

"பாட்டுச் சொல்றவன் நீதானே? சொல்லு" என்றார் திரும்பாமலே.

கிளெமுக்கு ஒரே குஷி. நிமிர்ந்து நின்று, அச்சான அந்தப் பாட்டையே சொன்னான்.

"ஒரே குத்து, ஒரு முனகலில்லை –
ஓடைக் கரையில் உறங்கிவிட்டான்..."

தீட்டும் சத்தம் நின்றது.

"தப்பு."

கிளெம் சிரித்தான். "கட்டுனவனே இதோ நிக்கிறான். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

"ஒண்ணு இல்ல. மூணு குத்து. பன்னி மாதிரி கத்துனேன்டா! பொழுது சாயுற வரைக்கும் கத்துனேன். கழுத்துல முனை ஒடிஞ்சு உள்ளேயே நின்னுபோச்சு. அதைப் போய் உறக்கம்னு எழுதுவீங்களா?"

திரும்பினார். அந்த முகத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

முதல் குத்து வயிற்றில்.

"சரியாச் சொல்லு."

கிளெம் மடங்கி விழுந்தான். அவன் ரத்தம் என் சட்டையில் பீய்ச்சியடித்தது. இரண்டாவது, விலாவில்.

"சொல்லுடா!"

மூலையில் கிடந்த கோடரியை எடுத்தேன். அவர் பின்மண்டையில் முழு பலத்தோடு இறக்கினேன். பஞ்சு மூட்டையில் அடித்ததுபோல் இருந்தது. பிளந்த இடத்திலிருந்து ரத்தம் வரவில்லை.

மணல்... சிவப்பு மணல்... கொட்டிக்கொண்டே இருந்தது.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது, கழுத்தில்.

டக்.

குடிசையில் அவரைக் காணோம்.

கணுக்கால் அளவு மணல். அதில் கிளெம். உதடு அசைந்தது. காதை வைத்தேன்.

"மூணு..." என்றான்.

தோளில் போட்டு நடந்தேன். வழியில் ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வில்கேனியா ஊரைத் தொடுவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. என் சட்டையைப் பார்த்த போலீஸ்காரர் எதுவும் கேட்காமல் விலங்கு மாட்டினார்.

மறுநாள் காலை, கிளெமின் உடலைச் சோதித்த டாக்டர் கிரோகன் வந்து விலங்கைக் கழற்றச் சொன்னார்.

"உடம்புல புதுக் காயம் ஒண்ணுகூட இல்லப்பா. மூணும் ஆறிப்போன பழைய தழும்பு. கழுத்தெலும்புல ஒரு கத்தி முனை இருந்துச்சு. துருப்பிடிச்சு, அதைச் சுத்தி எலும்பே வளர்ந்து மூடியிருக்கு. முப்பது வருஷமாவது உள்ள இருந்திருக்கணும்."

கிளெமுக்கு வயது இருபத்து நான்கு.