ஆட்டுத்தோலைக் கொளுத்திய படம்

படக்காரர்களுக்குக் கதை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாட்டு இருக்கிறது, சண்டை இருக்கிறது, அட்டையில் செய்த கோட்டை இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் இல்லையா? சிவனே என்று கிடக்கிற ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு போய்க் கையைக் காலை ஒடித்து, இதுதான் அந்தக் கதை என்று திருப்பிக் கொண்டுவந்து காட்டுவானேன்? டி.வி.யில் மாயாஜாலப் படம் போட்டால் வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு உட்காருகிறார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது.

எல்லாம் அந்த ஆட்டுத்தோல் படத்தால் வந்த வினை.

அப்போது பேசும் படம் வந்த புதிது. நான் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் மேஸ்திரி. பச்சைத் தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, முடியை உதிர்த்து, சவ்வைச் சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தி, பளபளவென்று வெளியே அனுப்புகிற வரைக்கும் அவர் பொறுப்பு. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், அவருடைய தங்கை.

நாத்தனாருக்கு என்னைவிட வயது கொஞ்சம் கம்மி. கல்யாணம் பேசி முடித்திருந்த சமயத்தில் உதட்டோரம் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. பிறகு கண்ணைச் சுற்றி, பிறகு கையில். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வைத்தியர் இது ஒட்டாது என்றார். தெரு, ஒட்டும் என்றது. அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. யாராவது வந்தால் முந்தானையை மூக்குவரைக்கும் இழுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். "எத்தினி நாளைக்கு இப்டி?" என்று அவள் அண்ணன் கேட்டால், "உனக்கு இன்னா, நான் ஜாஸ்தி சாப்பிட்றேனா?" என்பாள்.

எனக்கு வேறு மாதிரித் தொல்லை. கூச்சம். நாலு பேர் நடுவில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்வேன். ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்திருந்தேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டால் குரல் வரும். அது என் பேச்சு இல்லையே, யாரோ எழுதி வைத்தது! தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் மத்தியானம் எங்கள் பின்கட்டில், கொடுக்காப்புளி மரத்து நிழலில் வந்து உட்கார்ந்து கூழைக் குடிப்பார்கள். நான் படிப்பேன். நாத்தனார் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து கேட்பாள்.

ஆட்டுத்தோல் கதை சோளிங்கர் மலைக்குப் போனபோது கடைத்தெருவில் வாங்கிய புத்தகம். ஒரு ராஜகுமாரி. மந்திரவாதி ஒருவன் அவளைப் பெண் கேட்கிறான், அவள் மாட்டேன் என்கிறாள். அவன் ஒரு கறுப்பு வெள்ளாட்டுத் தோலை வீசுகிறான். அது தலை முதல் கால் வரை, முகத்தோடு சேர்த்து அவள்மேல் ஒட்டிக்கொள்கிறது. அரண்மனையில் அருவருத்துத் துரத்திவிடுகிறார்கள். அவள் காட்டில் ஆடுகளோடு திரிகிறாள், ஊர் ஊராகப் போகிறாள், பஞ்சத்தில் ஒரு நாட்டையே காப்பாற்றுகிறாள். கடைசியில் மந்திரவாதி வந்து, "என்னைக் கட்டிக்கொள், தோலை எடுத்துவிடுகிறேன்" என்கிறான். "தோல் எனக்குப் பழகிவிட்டது, நீதான் பழகவில்லை, போ" என்கிறாள் அவள். தோலோடேயே சிம்மாசனத்தில் உட்கார்ந்து பட்டம் கட்டிக்கொள்கிறாள். துரத்தினவர்கள் எல்லாம் வரிசையில் வந்து கும்பிடுகிறார்கள்.

இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் நாத்தனார் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள். "கும்பிட்றாங்க பாரு, அத இன்னொரு வாட்டி படி அண்ணி." புத்தகம் அந்த இடத்தில் தானாகவே திறந்துகொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அந்தக் கதையைத்தான் பட்டணத்துக் கம்பெனி ஒன்று படம் எடுக்கப் புறப்பட்டது. ராஜகுமாரி போட்டுக்கொள்ள ஆட்டுத்தோல் வேண்டுமென்று ஒரு ஆள் எங்கள் ஷாப்புக்கு வந்தார். எங்கள் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தக் கதையா? என் சம்சாரம் தெருவுக்கே படிச்சுக் காட்டியிருக்காளே!" என்று ஆளைக் கையோடு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை எதிரில் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வழக்கம் இருந்திருந்தாலும் என்னால் ஆகாது. நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் நாத்தனார். வந்தவர் கூடத்திலிருந்து கேட்பார், நான் மெள்ளச் சொல்வேன், எங்கள் வீட்டுக்காரர் நடுவில் நின்று எடுத்துச் சொல்வார். ஏற்பாடு அப்படி.

"தோல் எப்படி இருந்ததாம்?" என்று கேட்டார் அந்த ஆள்.

"கறுப்பு வெள்ளாட்டுத் தோலு. முடி அப்டியே இருக்கும். மூஞ்சியும் மூடிக்கிச்சு" என்றேன் நான்.

"ஆட்டுத் தோல்தானாம் சார்" என்றார் இவர்.

பின்னாலிருந்து நாத்தனார் என் இடுப்பில் குத்தினாள். "அண்ணி, முடிவைச் சொல்லு. தோலை எடுக்கக் கூடாதுன்னு சொல்லு."

"ஏங்க, கடைசிவரைக்கும் அவ அந்தத் தோலை எடுக்கவே மாட்டா. தோலோடதான் பட்டம் கட்டிக்குவா. அதான் கதையே. அத சொல்லுங்க."

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தோல் கடைசிவரைக்கும் தாங்கணுமாம் சார். நல்லா கெட்டியா வேணும்ன்றாங்க."

"தாங்குமா?"

"சார், உங்க படம் கிழிஞ்சாலும் கிழியும், எங்க ஷாப்புத் தோல் கிழியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை ஒரு தட்டுத் தட்டினேன். காபி ஆகிவிட்டதென்று தட்டுகிறேன் என்று நினைத்து இவர் வந்து தம்ளரை வாங்கிக்கொண்டு போனார். அந்த ஆள் காபியைக் குடித்தார், "முடியோடே வேண்டும், மறந்துவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார், போய்விட்டார்.

சரி, முடியாவது நிலைத்ததா? அன்று சோற்றுக்கு உட்காரும்போதே இவர் ஆரம்பித்துவிட்டார்.

"முடியோட கேக்கிறான் பாரு பட்டணத்துக்காரன். தோலைப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?"

"கதையில முடியோடதாங்க."

"கதை எழுதினவனுக்கு மட்டும் தெரியுமா? ஷாப்புலருந்து முடியோட ஒரு தோல் வெளிய போச்சுன்னா வாணியம்பாடி ஷாப்புக்காரன் காறித் துப்புவான். மேஸ்திரி குடிச்சுட்டுத் தூங்கிட்டான்னு சொல்லுவான்."

எத்தனையோ வருஷமாகத் தோலிலிருந்து முடியை எடுப்பதையே வேலையாக வைத்திருக்கிற மனுஷனிடம் முடியை விட்டு வை என்றால் எப்படி ஏறும்? நல்ல தோலாகப் பொறுக்கி, சுண்ணாம்பில் இறக்கி, ஒரு முடி இல்லாமல் எடுத்து, பட்டை போட்டு, புங்க எண்ணெய் தடவி, கண்ணாடி மாதிரி செய்து அனுப்பிவைத்தார். அவர்கள் சந்தோஷப்படப் போகிறார்கள் என்று நிஜமாகவே நம்பினார். அதுதான் இன்னும் பேஜார்.

படம் முடிந்து ஊர் ஊராகச் சுற்றி, பாலாற்று மணலில் போட்டிருந்த டெண்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு தெருவில் போனார்கள். நோட்டீஸ் ஒன்று எங்கள் வாசலில் விழுந்தது. நாத்தனார் அதை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணி, நான் வர்றேன்."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். "எங்க?"

"படத்துக்குத்தான். அவ தோலோட உக்கார்றத நான் பாக்கணும். ஊர் ஜனம் அதப் பாக்கிறதையும் பாக்கணும்."

நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அத பாத்துட்டா அப்புறம் என்னையும் பாக்கட்டும், போ" என்றாள்.

அண்ணனுக்கு ஆனந்தம். எனக்கோ பயம். கதவுக்குப் பின்னால் நின்று சொன்னதில் எவ்வளவு கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியுமே! படம் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டாவிட்டால் இவள் திரும்பவும் அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள், பிறகு யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

சாயங்காலம் முதல் ஆட்டத்துக்குப் போனோம். நடுவில் படுதா கட்டி இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பட்டை இடிக்கிற பெண்கள் முன்னாலேயே வந்து மணலைக் குவித்து இடம் பிடித்திருந்தார்கள். நாத்தனார் முந்தானையை மூக்குவரைக்கும் போர்த்திக்கொண்டு எனக்கும் அவர்களில் வயதான ஒரு அம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

மந்திரவாதி தோலை வீசினான். ராஜகுமாரிமேல் அது வந்து விழுந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல்.

"டேய், அது நம்ம ஷாப்புத் தோல்டா!"

"மேஸ்திரி கைவேலைடா! எப்டி மின்னுது பாரு!"

விசில் பறந்தது. மின்னத்தான் மின்னியது. முடி இல்லாத தோல் வந்து சேர்ந்ததும் கம்பெனிக்காரர்கள் தேங்காய் நாரை எதையோ வைத்து ஒட்டியிருந்தார்கள். அவள் பாடப் பாட அது உதிர்ந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பாதி ஆடு மொட்டை.

"ஏலகிரிப் பக்கம் ஒரு நடை போயிருந்தா ஆட்டைப் பாத்திருக்கலாம். தென்னமரத்தைப் பாத்துட்டுப் போயிருக்கான்" என்றாள் நாத்தனாருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை.

"அண்ணி, மூஞ்சில ஒண்ணுமே இல்லையே."

ஆமாம். தோல் தோளோடு நின்றுவிட்டது. முகம் பவுடர் பூசிப் பௌர்ணமியாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அரண்மனையில் எல்லாரும் ஐயோ ஐயோ என்று ஓடினார்கள்.

"மூஞ்சிய மூடினா காசு குடுத்தவன் சும்மா இருப்பானா?" என்றாள் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகு கதையே இல்லை. புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாத ஒரு ராஜகுமாரன் குதிரையில் வந்தான். பஞ்சத்தை அவன் தீர்த்தான். மந்திரவாதியோடு அவன் சண்டை போட்டான். அவள் மரத்துக்குப் பின்னால் நின்று அழுதாள். "பட்டம் கட்டிக்குவா இல்ல? கடைசில வரும் இல்ல?" என்று நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ராஜகுமாரன் தோலை உருவி எடுத்து நெருப்பில் போட்டான். அது கற்பூரம் மாதிரி குப்பென்று எரிந்தது. பதப்படுத்தின தோல் அப்படி எரியவே எரியாது. சுருங்கும், புகையும், தெருவே நாறும். கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆண்கள் பக்கம் மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் பக்கத்தில் யாரோ எழுந்து நின்றார்கள்.

"கொளுத்தாதடா பாவி! அது அவ தோலுடா!"

நாத்தனார்தான். முந்தானை தோளில் கிடந்தது. திரை வெளிச்சம் அவள் முகத்தில் பட்டு உதடும் கண்ணோரமும் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"உக்காரும்மா, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் யாரும் சொல்லவில்லை.

"இன்னா மறைக்குது? அங்க இன்னா இருக்குது பாக்க? கதையே அது இல்ல, தெரியுமா உனக்கு?" என்று அவள் திரும்பிச் சண்டைக்கே போய்விட்டாள். "அவ தோலோடதான் ராணியா உக்காந்தா. போய்ப் படி!"

"எனக்குப் படிக்கத் தெரியாதே" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப கேளு, நான் சொல்றேன்."

சொன்னாள். திரையில் ராஜகுமாரியும் ராஜகுமாரனும் மாலை மாற்றிக்கொண்டிருக்க, இவள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் இவள் பக்கம் நகர்ந்து வந்தார்கள். அந்தப் பாட்டு அவ்வளவு மோசம்.

வீடு திரும்பும்போது வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். முந்தானையை மேலே இழுக்க மறந்தே போனாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. எங்கள் வீட்டுக்காரர் முன்னால் நடந்துகொண்டிருந்தவர் திரும்பி, "படம் இன்னா அப்டி மோசம்? தோல் கடைசிவரைக்கும் தாங்குச்சு இல்ல?" என்றார்.

மறுநாள் மத்தியானம் பட்டை இடிக்கிற பெண்கள் வந்தபோது நாத்தனார் கதவுக்கு உள்பக்கம் இல்லை. மரத்தடியில் அவர்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தாள், படத்தை வைய. சாயங்காலம் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கிளம்பு அண்ணி."

"எங்க?"

"கொட்டகைக்கு. புதுசா வர்ற ஜனத்துக்குக் கதை தெரிய வேணாமா?"

பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். துணைக்கு நான்தான். கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிற வரைக்கும் அந்தப் பாழாய்ப்போன படத்தை நான் விடாமல் பார்த்தேன். அந்தப் பாட்டுகள் எனக்கு இன்னும் மனப்பாடம். நார் எந்த வரியில் எந்தப் பக்கத்திலிருந்து உதிரும் என்பதுகூடத் தெரியும்.