மல்லாந்த மீன்கள்

எத்தாளை ஊரில், ஏற்றுமதிக்குப் போகும் அலங்காரக் கடல்மீன்களுக்கு வைத்தியம் பார்ப்பவள் ஹாஜரா. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே கொண்டுவரும் மீனுக்கு உள்ளே காற்று விரிந்து வயிறு ஊதிவிடும். மெல்லிய ஊசியால் அதை வெளியேற்றினால் மீன் நிமிர்ந்து நீந்தும்.

அன்று அவள் கணவன் றுமைஸ் முக்குளித்துப் பிடித்த மீன்கள் தொட்டியில் மல்லாந்து மிதந்தன. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, அத்தனையுமா? எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். மீன் தானாக மேலே வருவதில்லை, பிடித்தவனோடுதான் வரும். அவசரமாக மேலே வந்தால் முக்குளிப்பவனின் இரத்தத்திலும் காற்றுக் குமிழ் கட்டும்.

“கீழ என்ன நடந்திச்சி?”

“சிலிண்டர்ல காத்து முடிஞ்சிட்டு, சட்டெண்டு மேல வந்திட்டன். நீ மீனப் பாரு, செத்திரும்” என்றான் கதிரையில் சாய்ந்திருந்த றுமைஸ்.

“மீன் கெடக்கட்டும். நீங்க எழும்பி நில்லுங்க.”

“எனக்கென்ன?” என்று சிரித்தபடி கையூன்றினான். சிரிப்பு பாதியில் நின்றது. கால்கள் எழும்பவில்லை.