செக் ஷீட்டில் வராத வேர்

1. ஆண்டு மெடிக்கல்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மெடிக்கல் ரூமில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். நசுங்கிய விரல், கண்ணில் விழுந்த இரும்புத் தூள், திங்கட்கிழமை மட்டும் வரும் வயிற்றுவலி எல்லாம் பார்த்தாகிவிட்டது. என்னை நானே திட்டிக்கொண்டது ஒரே ஒரு நாள்தான். அது ஏழுமலை விஷயத்தில்.

ஏழுமலை, இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கிரேன் ஆபரேட்டர். வல்லக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். கூரையை ஒட்டிய கேபினில் உட்கார்ந்து, பத்து டன் இரும்பு அச்சை ஆடாமல் அசையாமல் கொண்டுபோய் இறக்குவார். கூடவே முருகன் பாட்டு. பாட்டுக் கேட்டதும் கீழே இருப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். சைரன் அப்புறம்தான் கேட்கும்.

அந்த வருட மெடிக்கலில் அவருக்கு பி.பி. நூற்றெழுபதுக்கு நூற்றெட்டு.

"மெஷின்ல இன்னாவோ ஃபால்ட்டு சிஸ்டர். வேற மெஷின் எடு."

வேறு மெஷின் எடுத்தேன். நூற்றெழுபத்தாறு காட்டியது.

"மொத மெஷினே நல்லாதான் கீது," என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் வரும் கம்பெனி டாக்டர் ஃபிட்னஸ் ஃபாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. "மேல உக்காந்து தலை சுத்துச்சுன்னா கீழ இருக்கறவங்க கதி என்ன? மாத்திரை எழுதறேன். ஆறு வாரம் பாப்போம். அப்பவும் இறங்கலேன்னா நிரந்தரமா வேற வேலைதான்" என்றார்.

ஏழுமலையை ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனாலும் மேலே கிரேன் நகரும் சத்தம் கேட்டால் போதும், லேபிளைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நின்றுவிடுவார். "ஹூக்கு ஆடுது பாரு சிஸ்டர். எப்பிடி ஓட்றான் பாரு," என்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

2. உடம்புக்கு ஒரு செக் ஷீட்

கிரேன் ஆபரேட்டர் காலையில் ஏறியதும் வயர் ரோப், பிரேக், லிமிட் ஸ்விட்ச் என்று வரிசையாகச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓகே போட வேண்டும். அதுதான் செக் ஷீட். ஏழுமலை அதே மாதிரி தன் உடம்புக்கும் ஒன்று தயாரித்து லாக்கர் கதவில் ஒட்டிவிட்டார். பூண்டு இரண்டு பல், முருங்கைக்கீரை சூப், செம்பருத்திப் பூ தண்ணீர், மருதம்பட்டைக் கஷாயம். நான்கு கட்டம், நான்கு ஓகே, தேதி, கையெழுத்து. சூப்பர்வைசர் கையெழுத்துக்கு இடம் விடாததுதான் பாக்கி.

"மாத்திரைக்குக் கட்டத்தைக் காணோமே?" என்று கேட்டேன்.

"அத்த ஒருக்கா ஆரம்பிச்சா காலத்துக்கும் வுடாது சிஸ்டர்."

"மூக்குக் கண்ணாடி பத்து வருசமா போட்டுக்கிட்டு இருக்கீங்களே, அது விட்டுடுச்சா?"

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார், ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டார். அன்றிலிருந்து வாரம் ஒரு முறை என்னிடம் பி.பி. பார்த்துக்கொள்ள வருவார். அவர் வருவதற்கு முன்பே பூண்டு வாசனை வந்துவிடும். நானும் விடமாட்டேன். "இன்னைக்கு ரசமா, சாம்பாரா?" என்பேன்.

நான்கு வாரம் ஆயிற்று. பி.பி. நூற்றறுபத்தாறில் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உண்மையைச் சொல்லுங்க. மாத்திரையை வாஷ்பேசின்ல போட்டுட்டு ஓகே போடறீங்கதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இருவது வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, பிரேக்கு பாக்காம ஓகே போட்ருக்கேனா சிஸ்டர்? கேட்டுப் பாரு," என்றார். கண் கலங்கியிருந்தது. கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

3. சட்டைப் பை

ஆறாவது வாரம். நிரந்தரமாக ஸ்டோர்ஸுக்கு மாற்றும் கடிதம் ஹெச்.ஆர். மேசையில் தயாராக இருந்தது. டாக்டர் புது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ஏழுமலை கொண்டுவந்த செக் ஷீட்டையும் புரட்டினார்.

"பொட்டாசியம் இவ்ளோ கம்மியா இருக்கே. இந்த லிஸ்ட்ல இருக்கறதத் தவிர வேற என்ன சாப்பிடறீங்க?"

"வேற ஒண்ணியும் இல்ல சார்."

இதைச் சொல்லும்போதே அவர் வாய்க்குள் ஏதோ ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

"வாயில என்ன?"

சட்டைப் பையிலிருந்து சின்னச் சின்ன வேர்த் துண்டுகளை எடுத்துக் காட்டினார். "இதுவா? இது மருந்து இல்ல சார். அதிமதுரம். தொண்டைக்கு. ஷிஃப்ட்டு ஃபுல்லா மென்னுகினே இருப்பேன். அஞ்சு மாசம் இருக்கும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அதிமதுரத்தை இப்படித் தொடர்ந்து சாப்பிட்டா பி.பி. ஏறும். உடம்புல உப்பும் தண்ணியும் தங்கும், பொட்டாசியம் இறங்கும். யார் இதச் சொன்னது உங்களுக்கு?"

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். "யாரோ சொன்னாங்க சார். ஞாபகம் இல்ல."

எனக்கு ஞாபகம் இருந்தது. உதட்டுக்குள் புகையிலை அடக்கிக் குரல் கம்மிப் போயிருந்த மனுஷனிடம், "அதை விட்டுட்டு அதிமதுரம் மெல்லுங்க அண்ணே, பாட்டு நல்லா வரும்," என்று சொன்னது நான்தான். சொன்ன அன்றே புகையிலையை விட்டார். சேஃப்டி மீட்டிங்கில் அவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டல் வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

"நான்தான் சார் சொன்னேன்," என்றேன். காது சூடாகிவிட்டது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஹெச்.ஆருக்குப் போன் செய்து இன்னும் நான்கு வாரம் வாங்கினார். அதிமதுரம் அறவே கூடாது. கஷாயம் மாத்திரையோடு சேர்ந்து என்ன செய்யும் என்று தெரியாததால் அதுவும் வேண்டாம். கீரை சாப்பாடுதான், சாப்பிடலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

நான்கு வாரம் கழித்து நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்துநான்கு. இரண்டு மெஷினிலும் பார்த்தேன். டாக்டர் ஃபிட்னஸ் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பிரஸ் ஷாப்பில் பாட்டுக் கேட்டது, எல்லாரும் ஒதுங்கினார்கள்.

4. புது செக் ஷீட்

இளைய நர்ஸுகளுக்கு ஒன்று சொல்வேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், அவர்கள் மருந்து என்று நினைப்பதை மட்டும்தான் சொல்வார்கள். சட்டைப் பையில் என்ன என்றும் கேளுங்கள். போகிற போக்கில் நாம் சொல்லும் கைவைத்தியத்தையும் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். நான் அவர் லிஸ்டை வாரா வாரம் கேலி செய்தேன். அதில் இல்லாத என் வைத்தியத்தை மட்டும் மறந்தே போனேன்.

ஏழுமலை அதை மறக்க விடவில்லை. அந்த வாரமே மெடிக்கல் ரூம் கதவில் எனக்கென்று ஒரு செக் ஷீட் ஒட்டினார். ஒரே ஒரு கட்டம்தான்: "சிஸ்டர் சொன்ன வைத்தியம் – டாக்டரைக் கேட்டாச்சா?"

"கையெழுத்துப் போடு சிஸ்டர். பாக்காம ஓகே போட்றாத," என்றார்.

ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு செவ்வாயும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.